ஆங்கிலத்தில் வணிகக் கடிதம் எழுதுவது: யாழ்ப்பாணத்துச் சிறு தொழில்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள், கருவாடு என்று ஏதோ ஒன்றைப் பொதி செய்து விற்கிறவருக்கு ஆங்கிலக் கடிதம் எழுதும் தேவை ஒருநாள் வரத்தான் செய்யும். கொழும்பில் இருக்கும் பொதியுறைக் கொம்பனிக்குக் குறை சொல்ல வேண்டியிருக்கும். வங்கித் தலைமையகத்துக்குக் கடன் தவணை பற்றி எழுத வேண்டியிருக்கும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ கடை வைத்திருப்பவர் விலை கேட்டிருப்பார். இவர்கள் யாரும் உங்கள் எதிரில் இல்லை. ஒரு வரி விளங்காவிட்டால் அங்கேயே திருப்பிக் கேட்கவும் முடியாது. தாளில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

ஆங்கிலக் கடிதம் என்றதும் பலருக்கு இலக்கணப் பயம்தான் முதலில் வருகிறது. பயம் நியாயமானது. ஆனால் நான் பார்த்தவரை, பிழைகளில் பெரும்பங்கு இலக்கணம் தெரியாததால் வருவதில்லை. என்ன கேட்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் எழுத உட்காருவதாலும், தமிழ் வாக்கியத்தின் நீளத்தை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுவர முயல்வதாலும் வருகிறது. இந்த இரண்டையும் சரிசெய்தால், ரியூசனில் படித்த அளவு ஆங்கிலமே ஒரு நல்ல கடிதத்துக்குப் போதும்.

இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கடிதம் எழுதும்போதும் இதே பழக்கம் உதவும், ஏனென்றால் காதுக்கு இடறுகிற இடத்தில் பெரும்பாலும் ஒரு பிழை இருக்கும்.

முதலில்: ஆங்கிலம் தேவைதானா?

இதைக் கேட்காமலே பலர் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அரச அலுவல்கள் தமிழில் நடக்க வேண்டும் என்பதும் அரசியலமைப்பில் இருக்கிறது. ஆகவே பிரதேச செயலகம், பிரதேச சபை, மாவட்டச் செயலகம் ஆகியவற்றுக்கு நல்ல தமிழில் எழுதுங்கள். அது உங்கள் உரிமை. தடுமாறும் ஆங்கிலக் கடிதத்தைவிடத் தெளிவான தமிழ்க் கடிதம் அங்கே வேகமாக நகரும். தமிழ் வாசிக்கத் தெரியாத தனியார் நிறுவனம், வெளிநாட்டு வாங்குபவர், கப்பல் முகவர், கொழும்பில் இருக்கும் முகாமையாளர் ஆகியோருக்குத்தான் ஆங்கிலம்.

இரண்டாவது: கேட்பதைத் தமிழில் ஒரு வரியில் எழுதுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில் இதைச் செய்யுங்கள். யார், எதை, எப்போதைக்குள் செய்ய வேண்டும்? உதாரணத்துக்கு ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். அச்சுவேலியில் ஒடியல் மா பொதி செய்கிற ஒருவர் கொழும்புக் கொம்பனி ஒன்றிடம் 2,000 உறைகள் வாங்கினார். ஜூன் 3ஆம் திகதி உறைகள் வந்தன. அவற்றில் 500 உறைகளின் ஒட்டு விட்டிருக்கிறது. அவர் எழுத வேண்டிய ஒரு வரி இதுதான்: “இந்த 500 உறைகளுக்கும் பதிலாகப் புதியவற்றை ஜூன் 20க்குள் அனுப்ப வேண்டும்.”

இந்த வரி வந்துவிட்டால் கடிதத்தில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். எந்த இன்வொய்ஸ் என்ற இலக்கம் வேண்டும், எத்தனை உறை என்ற எண்ணிக்கை வேண்டும், படம் வேண்டும். உங்கள் கொம்பனி எத்தனை வருடமாக நடக்கிறது, கொரோனா காலத்தில் என்ன கஷ்டப்பட்டது என்பதெல்லாம் வேண்டாம். மனதில் கோபம் இருந்தால் அதையும் இந்தத் துண்டுத் தாளிலேயே எழுதி முடித்துவிடுங்கள். கடிதத்துக்குள் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டு வேறு வேண்டுகோள்கள் இருந்தால் இரண்டு கடிதங்கள் எழுதுவதே நல்லது. உறையைப் பார்ப்பவர் ஒருவர், கணக்கைப் பார்ப்பவர் இன்னொருவர். ஒரே தாளில் எழுதினால் ஒருவர் மேசையில் அது தங்கிவிடும்.

மூன்றாவது: தாளின் அமைப்பு

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை, வழக்கமான ஒழுங்கு ஒன்று இருக்கிறது. மேலே உங்கள் கடிதத்தலைப்பு. அதில் முழு முகவரி, யாழ்ப்பாணம் 40000, ஸ்ரீலங்கா. தொலைபேசி இலக்கத்தை வெளிநாட்டவரும் அழைக்கக்கூடிய வடிவில் போடுங்கள்: 021 என்ற தொடக்கத்தில் பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 21 என்று தொடங்க வேண்டும். அதன் கீழே திகதி. பிறகு உங்கள் கோப்பு இலக்கம் இருந்தால் அது. பிறகு பெறுநரின் பெயர், பதவி, நிறுவனம், முகவரி. பிறகு விளிப்பு. இங்கிலாந்து வழக்கப்படி விளிப்புக்குக் கீழேதான் பொருள் வரி வரும். நம் தமிழ்க் கடிதங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். பிறகு கடிதம், முடிப்பு, கையெழுத்து, பெயர், பதவி. கடைசியில் இணைப்புகளின் பட்டியல், யாருக்கெல்லாம் பிரதி போகிறது என்ற குறிப்பு.

பொருள் வரியில் மட்டும் கொஞ்சம் கவனம் வையுங்கள். ‘கம்ப்ளெய்ன்ட்’ என்று ஒற்றைச் சொல் போட்டால் அந்தக் கொம்பனிக்கு அன்று வந்த பத்துக் கடிதங்களில் அதுவும் ஒன்று. ‘டிஃபெக்டிவ் பவுச்சஸ், இன்வொய்ஸ் நம்பர் 1148’ என்று போட்டால், கடிதத்தை உடைப்பவரே அதை யாரிடம் கொடுப்பது என்று தெரிந்துகொள்வார்.

நான்காவது: விளிப்பும் பெயரும்

ஆளின் பெயர் தெரியாவிட்டால் ‘டியர் சேர் ஓர் மேடம்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்று முடிக்க வேண்டும். பெயர் தெரிந்தால் ‘டியர் மிஸ்டர் பெரேரா’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் சின்ஸியர்லி’ என்று முடிக்க வேண்டும். இந்தச் சோடிகளைக் கலக்கக் கூடாது. கனடா, அமெரிக்கா ஆட்களுக்கு ‘சின்ஸியர்லி’ என்று மட்டும் போட்டால் போதும். ‘ரெஸ்பெக்டட் சேர்’ நம் பக்கத்துப் பழக்கம். மரியாதை அதில் இருந்தாலும் வெளிநாட்டு வாசகருக்கு அது விசித்திரமாகத் தெரியும்.

‘மிஸ்டர்’, ‘மிஸ்’ ஆகியவற்றுக்குப் பின்னால் குடும்பப் பெயர்தான் வர வேண்டும். ஜோன் தொம்சன் என்பவர் ‘மிஸ்டர் தொம்சன்’. ‘மிஸ்டர் ஜோன்’ என்று எழுதினால் பிழை. நாங்கள் ஒருவரை அவருடைய சொந்தப் பெயரால் அழைத்தே பழகியவர்கள் என்பதால் இந்த இடத்தில் அடிக்கடி தவறு நேர்கிறது. பெண்ணுக்குத் திருமணமானதா இல்லையா என்று தெரியாதபோது ‘மிஸ்’ என்பதை ‘எம், எஸ்’ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவதே பாதுகாப்பு.

மறுபக்கமும் யோசியுங்கள். எங்கள் பெயரைப் பார்த்து வெளிநாட்டவரால் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியாது. முன்னால் நிற்கும் ஆங்கில எழுத்து தகப்பன் பெயர் என்பதும் அவருக்குத் தெரியாது. ஆகவே கையெழுத்துக்குக் கீழே பெயரைத் தெளிவாக ரைப் செய்து, அதன் முன்னால் ‘மிஸ்டர்’ அல்லது ‘மிஸ்’ என்று போட்டுவிடுங்கள். அப்புறம், பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வங்கிக் கணக்கிலும் வணிகப் பெயர்ப் பதிவிலும் உள்ளபடியே இருக்க வேண்டும். ஓர் இடத்தில் ‘டிஎச்’, இன்னோர் இடத்தில் வெறும் ‘டி’ என்று மாறி மாறி எழுதினால் வெளிநாட்டிலிருந்து வரும் காசு வங்கியில் நின்றுவிடலாம்.

ஐந்தாவது: வாக்கியம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

தமிழில் ஒரே எழுவாயை வைத்துக்கொண்டு, “பொதியைப் பெற்று, பிரித்து, எண்ணிப் பார்த்து, உங்களுக்கு அறிவித்து, பதில் வராததால் மீண்டும் எழுதுகிறோம்” என்று நீட்டலாம். வினையெச்சங்கள் அந்தப் பாரத்தைத் தாங்கும். முடிவில் ஒரு வினைமுற்று வந்தால் போதும், எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆங்கிலத்துக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை. இதை அப்படியே ‘ரிசீவிங், ஓப்பனிங், கவுண்டிங்’ என்று அடுக்கிக்கொண்டு போனால், எந்தச் செயலை யார் செய்தார் என்பதே குழம்பிவிடும்.

ஓர் உதாரணம். ‘ஓப்பனிங் த பொக்ஸ், த பொட்டில்ஸ் வெர் ப்ரோக்கன்.’ பெட்டியைத் திறந்தபோது போத்தல்கள் உடைந்திருந்தன என்றுதான் எழுதியவர் நினைக்கிறார். ஆங்கில இலக்கணப்படி பெட்டியைத் திறந்தது போத்தல்கள் என்று வருகிறது. சரியான வடிவம்: ‘வென் வீ ஓப்பன்ட் த பொக்ஸ், வீ ஃபவுண்ட் தட் டென் பொட்டில்ஸ் வெர் ப்ரோக்கன்.’ ஒவ்வொரு செயலுக்கும் அதைச் செய்தவரை எழுதிவிட்டோம். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, அதிகம் போனால் இரண்டு. பதினைந்து இருபது சொற்களுக்குள் முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள். குட்டி வாக்கியம் எழுதினால் படிக்காதவர் எழுதியது போல இருக்கும் என்று சிலர் தயங்குகிறார்கள். வணிகக் கடிதத்தில் அது நேர்மாறு.

முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி போட்டுத் தொடர்வதும் இதே பழக்கத்திலிருந்து வருவதுதான். ‘த கூட்ஸ் ஆர் லேட்’ ஒரு வாக்கியம். ‘வீ கெனொட் வெயிட் எனி லோங்கர்’ இன்னொரு வாக்கியம். நடுவில் முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது ‘அண்ட்’, ‘பட்’, ‘ஸோ’ போன்ற இணைப்புச் சொல் வேண்டும். அந்த இணைப்புச் சொல்லும் ஒன்றுதான். ‘ஓல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்துக்குள் ‘பட்’ வரக்கூடாது. ‘பிக்கோஸ்’ என்று தொடங்கியதற்குள் ‘ஸோ’ வரக்கூடாது.

அடுத்தது காலம். திகதியைச் சொல்லிவிட்டால் சாதாரண இறந்தகாலம்தான்: ‘வீ ரிசீவ்ட் த பவுச்சஸ் ஒன் 3 ஜூன்.’ இதில் ‘ஹாவ் ரிசீவ்ட்’ என்று எழுதினால் பிழை. திகதி சொல்லாமல், செயலின் விளைவு இன்று வரை நிற்கிறது என்று காட்ட வேண்டுமென்றால் ‘ஹாவ்’ வரும்: ‘வீ ஹாவ் கெப்ட் த டிஃபெக்டிவ் பவுச்சஸ்.’ பழுதான உறைகளை எடுத்து வைத்திருக்கிறோம், இப்போதும் இங்கே இருக்கின்றன என்று பொருள். தமிழில் ‘வைத்தோம்’ என்பதற்கும் ‘வைத்திருக்கிறோம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு கிட்டத்தட்ட இதுதான். ஆனால் தமிழில் “நேற்று அனுப்பியிருக்கிறோம்” என்று சொல்லலாம், ஆங்கிலத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

இரண்டு வருடமாக வாங்குகிறோம் என்று எழுத வேண்டுமா? ‘வீ ஹாவ் பீன் பையிங் ஃப்ரொம் யூ ஃபோர் டூ இயர்ஸ்.’ கால அளவு என்றால் ‘ஃபோர்’, தொடங்கிய ஆண்டு என்றால் ‘சின்ஸ்’: ‘சின்ஸ் 2022’. ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்பது எங்கள் ஊர்க் கடிதங்களில் மிக அதிகமாகக் காணப்படும் பிழைகளில் ஒன்று.

காசு கொடுக்கல் வாங்கலில் ‘பை’, ‘அன்ட்டில்’ இரண்டையும் மாற்றி எழுதுவது ஆபத்து. “20ஆம் திகதிக்குள்” என்றால் ‘பை 20 ஜூன்’. “20ஆம் திகதி வரை” என்றால் ‘அன்ட்டில் 20 ஜூன்’. ‘வீ வில் பே அன்ட்டில் 20 ஜூன்’ என்று எழுதினால், அன்று வரை தொடர்ந்து காசு கட்டிக்கொண்டே இருப்போம் என்று அர்த்தமாகிவிடும். இன்னொன்று, ‘பிஃபோர் 20 ஜூன்’ என்றால் 19ஆம் திகதியோடு தவணை முடிந்துவிட்டது. அன்றைய நாளும் சேர வேண்டுமென்றால் ‘பை’தான்.

‘ஏ’, ‘ஆன்’, ‘த’ ஆகிய மூன்றும் தமிழில் இல்லாததால் எங்களுக்கு எப்போதும் சிரமம். முழு விதிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எண்ணக்கூடிய பொருளின் பெயர் ஒருமையில் தனியாக நிற்காது. ‘பிளீஸ் சென்ட் இன்வொய்ஸ்’ தவறு. ‘ஆன் இன்வொய்ஸ்’, ‘த இன்வொய்ஸ்’, ‘யுவர் இன்வொய்ஸ்’, மூன்றில் ஏதோ ஒன்று வேண்டும். எது என்று தெரிய, வாசிப்பவருக்கு எந்த இன்வொய்ஸ் என்று ஏற்கெனவே தெரியுமா என்று கேளுங்கள். தெரியுமென்றால் ‘த’. இந்த ஒரு கேள்வி பெரும்பாலான இடங்களில் சரியான விடை தரும்.

பன்மையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ‘இன்ஃபொமேஷன்’, ‘எக்குயிப்மென்ட்’, ‘ஃபர்னிச்சர்’, ‘அட்வைஸ்’ ஆகியவற்றுக்குக் கடைசியில் ‘எஸ்’ சேராது. ‘கூட்ஸ்’ எப்போதும் பன்மை, ஆகவே ‘த கூட்ஸ் வெர்’. வினை எந்தச் சொல்லோடு பொருந்த வேண்டும் என்பதிலும் தடுமாற்றம் வரும். ‘த லிஸ்ட் ஒஃப் ஐட்டம்ஸ் இஸ் அட்டாச்ட்’ என்பது சரி. இணைத்திருப்பது பட்டியலை, பொருட்களை அல்ல.

வேண்டாத சொல் ஒட்டிக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. ‘டிஸ்கஸ் எபவுட்’ இல்லை, ‘டிஸ்கஸ்’ மட்டும். ‘ரிட்டேர்ன் பேக்’ இல்லை, ‘ரிட்டேர்ன்’ மட்டும். ‘ரிப்ளை பேக்’ இல்லை. ‘வீ ரிக்வெஸ்ட் ஃபோர் யூ டு சென்ட்’ இல்லை, ‘வீ ரிக்வெஸ்ட் யூ டு சென்ட்’. கடைசி வரியில் வரும் ‘வீ லுக் ஃபோர்வர்ட் டு’ என்பதற்குப் பிறகு ‘ஹியர்’ வராது, ‘ஹியரிங் ஃப்ரொம் யூ’ என்றுதான் வரும்.

கேள்வியை வாக்கியத்துக்குள் வைக்கும்போது சொல் ஒழுங்கு மாறும். நேர்க்கேள்வி ‘வென் கேன் யூ டெலிவர்?’ உள்ளே போனால் ‘பிளீஸ் லெட் அஸ் நோ வென் யூ கேன் டெலிவர்.’ இந்த இடத்தில் நன்றாக ஆங்கிலம் கதைப்பவர்களும் வழுக்குகிறார்கள்.

ஆறாவது: மரியாதை எங்கே இருக்கிறது?

தமிழில் மரியாதை வினையின் முடிவிலேயே இருக்கிறது: அனுப்புங்கள், அனுப்பவும், அனுப்பி வைப்பீர்களா. ஆங்கிலத்தில் ‘பிளீஸ் சென்ட்’ என்பது மரியாதையான கட்டளைதான், ஆனாலும் கட்டளை. சின்ன விடயத்துக்கு அது போதும். ஒருவருக்குச் செலவோ சிரமமோ தரும் வேண்டுகோளுக்கு ‘குட் யூ பிளீஸ்’ என்றோ ‘வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்’ என்றோ தொடங்குங்கள். ‘யூ மஸ்ட்’ என்பதை வேறு வழி இல்லாத இறுதி அறிவித்தலுக்கு வைத்திருங்கள்.

குற்றம் சொல்லும்போது செயப்பாட்டு வினை உதவும். ‘யூ சென்ட் டமேஜ்ட் பவுச்சஸ்’ என்றால் எதிரில் இருப்பவர் உடனே தன்னைக் காப்பாற்றத் தொடங்குவார். ‘500 பவுச்சஸ் வெர் டமேஜ்ட்’ என்றால் பேச்சு உறையைப் பற்றியதாகவே இருக்கும். ஆனால் நீங்கள் கொடுக்கும் வாக்குறுதியில் செயப்பாட்டு வினை வேண்டாம். ‘பேமென்ட் வில் பி மேட்’ என்றால் யார் கட்டுவார் என்று தெரியவில்லை. ‘வீ வில் பே த பேலன்ஸ் பை 30 ஜூன்’ என்று எழுதினால்தான் நம்பிக்கை வரும்.

பழைய சொற்றொடர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் செமினரியைத் தொடங்கிய காலத்திலிருந்தே யாழ்ப்பாணத்தார் ஆங்கிலம் படித்து வந்திருக்கிறார்கள். பிரித்தானியர் காலத்தில் இங்கிருந்து போனவர்கள் மலாயாவின் ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாக வேலை செய்தார்கள். அந்தத் தலைமுறையின் ஆங்கிலத்தை நான் மிக மதிக்கிறேன். ஆனால் ‘ஐ பெக் டு ஸ்டேட்’, ‘யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்’ என்பவை அந்தக் காலத்துக் கந்தோர் வழக்கு. இன்று அவை வாசிப்பவரை உங்களிடமிருந்து தூரமாக்கும். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்பதையும் விட்டுவிடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. உறையை மாற்ற வேண்டுமா, காசைத் திருப்ப வேண்டுமா? அதை எழுதுங்கள்.

ஏழாவது: திகதி, எண், காசு

05/08/2025 என்று எழுதினால் எங்களுக்கு ஓகஸ்ட் 5, அமெரிக்கருக்கு மே 8. கனடாவில் இரண்டு வழக்கும் உண்டு. மாதத்தைச் சொல்லால் எழுதினால் இந்தச் சிக்கல் வராது: ‘5 ஓகஸ்ட் 2025’.

‘லாக்’ என்ற சொல் தெற்காசியாவுக்கு வெளியே பலருக்கு விளங்காது. ஒன்றரை லட்சம் ரூபாயை ‘எல்.கே.ஆர். 150,000’ என்று எழுதுங்கள். வெறும் ‘ருப்பீஸ்’ என்றால் இந்திய ரூபாயா இலங்கை ரூபாயா என்ற சந்தேகம் வரும். டொலர் என்றாலும் எந்த நாட்டு டொலர் என்று போடுங்கள், ரொறன்ரோவுக்கு எழுதும்போது இது மிக முக்கியம்.

உள்ளூர்க் கூறுவிலையில் வற் வரி சேர்ந்ததா சேராததா என்று ஒரு வரி இருக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம், தகராறு வரப் போதுமான தொகை. ஏற்றுமதி விலையில் ‘எஃப்.ஓ.பி. கொழும்பு’ என்று போட்டால், கொழும்புத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரைதான் உங்கள் செலவும் பொறுப்பும். ‘சி.ஐ.எஃப்.’ என்று போட்டால் போய்ச் சேரும் துறைமுகம் வரை கப்பல் கூலியும் காப்புறுதியும் உங்கள் தலையில். மூன்று எழுத்துகள் மாறினால் இலாபம் முழுவதும் போய்விடலாம். ஆகவே கப்பல் முகவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

எட்டாவது: எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கடிதம்

அச்சுவேலி ஒடியல் மாக்காரரின் கடிதத்தை இப்போது எழுதிப் பார்ப்போம். பொருள் வரியை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். கடிதத்தின் உடல் இப்படி வரும்.

‘வீ ரிசீவ்ட் 2,000 பவுச்சஸ் ஃப்ரொம் யூ ஒன் 3 ஜூன் அண்டர் இன்வொய்ஸ் நம்பர் 1148. வென் வீ செக்ட் தெம், வீ ஃபவுண்ட் தட் த சீல்ஸ் ஒன் 500 ஒஃப் தெம் வெர் ஓப்பன். வீ என்க்ளோஸ் ஃபோர் ஃபோட்டோகிராஃப்ஸ்.’

முதல் பந்தி முழுவதும் நடந்தது மட்டும். திகதி இருப்பதால் சாதாரண இறந்தகாலம். யார் மீதும் பழி இல்லை.

‘குட் யூ பிளீஸ் ரிப்ளேஸ் தீஸ் 500 பவுச்சஸ் பை 20 ஜூன்? வீ ஹாவ் கெப்ட் த டிஃபெக்டிவ் பவுச்சஸ், அண்ட் யுவர் ட்ரைவர் மே கலெக்ட் தெம் ஒன் த நெக்ஸ்ட் டெலிவரி.’

இரண்டாவது பந்தியில் வேண்டுகோள். மாற்ற வேண்டியது என்ன, எத்தனை, எப்போதைக்குள் என்ற மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. பழைய உறைகளைத் திருப்பித் தருகிறோம் என்று சொன்னது அவர்கள் வேலையையும் சுலபமாக்குகிறது.

‘இஃப் அ ரிப்ளேஸ்மென்ட் இஸ் நொட் பொஸிபிள், பிளீஸ் லெட் அஸ் நோ பை 12 ஜூன் வெதர் யூ கேன் ரீஃபண்ட் த கோஸ்ட். வீ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரொம் யூ.’

மாற்று வழி ஒன்றைக் கொடுத்து அதற்கும் ஒரு திகதி வைத்தாயிற்று. இத்தோடு கடிதம் முடிந்தது. இதற்கு மேல் ‘தேங்கிங் யூ’ என்று அந்தரத்தில் நிற்கும் ஒரு வரி தேவையில்லை.

மற்ற வகைக் கடிதங்களுக்கும் இதே எலும்புக்கூடுதான். விலை விசாரிக்கும் கடிதத்தில் அளவு, தரம், எங்கே இறக்க வேண்டும், எப்போது வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கூறுவிலை கேளுங்கள். கூறுவிலை கொடுக்கும் கடிதத்தில் விலை எந்தத் திகதி வரை செல்லும் என்பதை மறக்காமல் எழுதுங்கள். வங்கிக்கு எழுதும்போது கணக்கு இலக்கம், கிளை, தவணைத் தொகை ஆகியவற்றை முதல் பந்தியிலேயே வையுங்கள். தவணையைத் தள்ளிப்போடக் கேட்பதாக இருந்தால், எந்த மாதத்திலிருந்து வழமைபோலக் கட்டுவீர்கள் என்ற திகதியும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும்.

ஒன்பதாவது: அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து காலையில் வாசியுங்கள். கணினியில் எழுத்துப்பிழை திருத்தியின் மொழியை இங்கிலாந்து ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் அது அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும், அப்போது ‘ஃபேவர்’, ‘கலர்’ போன்ற சொற்களில் ‘யூ’ என்ற எழுத்தைப் பிழையென்று காட்டும். ஒரே கடிதத்தில் இரண்டு முறையும் கலக்காமல் இருந்தால் சரி. இலக்கணம் திருத்தும் செயலிகளையும் செயற்கை நுண்ணறிவையும் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் அவை திருத்தித் தந்த பிறகு பெயர், திகதி, எண், தொகை எல்லாவற்றையும் மூலத் தாளோடு நீங்களே ஒப்பிட வேண்டும். வாக்கியத்தை அழகாக்கும் முயற்சியில் நீங்கள் கொடுக்காத வாக்குறுதி ஒன்று உள்ளே நுழைந்திருக்கலாம்.

மின்னஞ்சலில் அனுப்பினால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எங்கள் ஊரில் பல கடிதத்தலைப்புகள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்ட் கோப்பைத் திறந்தால் உங்கள் தமிழ்ப் பெயர் இருக்கும் இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். கோப்புக்கு ‘லெட்டர் 1’ என்று பெயர் வைக்காமல் நிறுவனத்தின் பெயரும் இன்வொய்ஸ் இலக்கமும் திகதியும் வருமாறு வையுங்கள். பணம் சம்பந்தப்பட்ட கடிதம் என்றால் பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி போகட்டும். தபாலகத்தில் தரும் பற்றுச்சீட்டை உங்கள் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

சொன்ன திகதி தாண்டியும் பதில் வரவில்லையென்றால் நினைவூட்டல் எழுதுங்கள். அதில் பழைய கதையைத் திரும்ப எழுத வேண்டாம். ‘வீ ரோட் டு யூ ஒன் 6 ஜூன் எபவுட் இன்வொய்ஸ் நம்பர் 1148. வீ ஹாவ் நொட் யெட் ரிசீவ்ட் அ ரிப்ளை. குட் யூ பிளீஸ் லெட் அஸ் நோ பை 27 ஜூன் வென் யூ வில் ரிப்ளேஸ் த 500 பவுச்சஸ்?’ முதல் கடிதத்தின் பிரதியை இணைத்து, இந்த முறை முகாமையாளரின் பெயரைத் தொலைபேசியில் கேட்டறிந்து அவருக்கே அனுப்புங்கள்.